திருப்பிக் கொடுக்கிறவர்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காற்சட்டை போட்டுக்கொண்டு வவுனியாவுக்குப் போனவன் நான். குளிருக்காக அல்ல, வவுனியாவில் அதற்கு வழியில்லை. காரின் பின்சீட்டில் இரண்டு நாய்கள், என் மடியில் ஒன்று. கடித்தால் பல் முதல் காற்சட்டையோடு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஞாயிறு பத்திரிகையில் நாய்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வாயில்லா ஜீவன் மேல எவ்வளவு பாசம்" என்று கடைக்கே வந்து கண் கலங்கியவர்கள் உண்டு. அந்தப் பாசம் முழுக்கக் கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளேயிருந்து எழுதப்பட்டது என்பதை இன்றுதான் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவன் ஏன் போனான் என்றால், என் போனில் ஒரு வரைபடம் இருந்தது. மின்சாரக் காருக்கு எங்கெங்கே சார்ஜ் ஏற்றலாம் என்று பச்சைப் புள்ளி போட்டுக் காட்டும் வரைபடம். அதை இறக்கிய அன்றே கண்டக்டரிடம் காட்டிப் பெருமையடித்திருந்தேன். எனக்குக் காரும் இல்லை, ஓட்டவும் தெரியாது, எதற்காக அதை இறக்கினேன் என்று கேட்காதீர்கள். ஹட்டனில் புத்தகக் கடை வைத்திருப்பவனுக்கு நேரம் நிறைய.

கண்டக்டர் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஹட்டன் - நுவரெலியா தனியார் பஸ்ஸில் தோல்பையை மாட்டித் தொங்கித் தொங்கி அவருடைய ஒரு தோள் மற்றதைவிடக் கீழே இறங்கிவிட்டிருந்தது. பஸ்ஸை விட்ட பிறகு, வெளிநாட்டிலிருக்கும் மருமகன் வாங்கிக் கொடுத்த பழைய மின்சாரக் காரை வாடகைக்கு, ஹயருக்கு, ஓட்டினார். சொந்தக் கார், ஓட்டுகிறவரும் அவரே. ஆனாலும் புறப்படும்போது கையை வெளியே நீட்டிக் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போவோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் வண்டி நகராது.

அவருக்கு ஒரு நோய் இருந்தது. நோய் என்றுதான் அவருடைய மனைவி சொல்வார். யார் எதை விட்டுவிட்டுப் போனாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். மற்ற கண்டக்டர்கள் பஸ்ஸில் கிடக்கும் குடையை எடுத்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகுவார்கள். கேட்டு வந்தால் கொடுப்பார்கள், மழை வந்தால் பிடிப்பார்கள். இவர் விசாரித்துக்கொண்டு போவார். லீவு நாளில் மனிதர்கள் தூங்குவார்கள், சவரம் செய்துகொள்வார்கள். இவர் யாரோ மறந்துபோன கருவாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை ஒரு குழந்தையின் ஒற்றைக்கால் சப்பாத்து. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஒற்றைச் சப்பாத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மற்றதை அவர்கள் அதற்குள் அடுப்பில் போட்டிருந்தார்கள்.

"ஏம்மா எரிச்சீங்க? நான் வருவேன்ல?"

"நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்களே," என்றாளாம் அந்தக் குழந்தையின் தாய்.

"யாராச்சும் கொண்டாந்து குடுப்பாங்கன்னு நெனைக்க வேணாமா?"

அவர் கொண்டுவந்த சப்பாத்து ரொம்ப நாள் அந்த வீட்டு வாசலில் ஆணியில் தொங்கியது. எறிந்துவிடலாம்தான். எறிந்தால் மறுபடி வந்துவிடுவாரோ என்று பயம்.

எனக்கும் நடந்தது. சொந்தச் செலவில் ஒரு நகைச்சுவைக் கட்டுரைத் தொகுப்புப் போட்டிருந்தேன். விற்றது போக மீதி என்று எழுதினால் கொஞ்சம் விற்றதுபோல் ஆகிவிடும். வீட்டில் அடுக்கியிருந்த கட்டுகளைச் சுற்றித்தான் என் மனைவி தினமும் கூட்டுவாள். கூட்டும்போது ஒன்றும் சொல்லமாட்டாள்; அதுதான் தாங்கவில்லை. ஒரு கட்டை நானுஓயா ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ரயிலேறினேன். மறுநாள் காலை கடை திறக்கும்போது கண்டக்டர் வாசலில் நின்றார். கட்டின் மேல் விழுந்த தூறலைத் தான் உடுத்தியிருந்த சாரத்தால் துடைத்திருந்தார்.

"மறந்துட்டீங்க தம்பி."

"அது வந்துண்ணே..."

"மறந்துட்டீங்க. வேற என்ன?"

அந்த "வேற என்ன?"வில் அவர் முழுதாக இருந்தார். மனிதர்கள் மறப்பார்கள், வேண்டுமென்று எதையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். இதற்கு மாறாக ஒன்று இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. நான் அந்தக் கட்டை வாங்கி உள்ளே வைத்தேன். அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. தலவாக்கலையில் பஸ் ஏறிய ஒரு பெண், தன் போனை நிறுத்திச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, நுவரெலியாவில் இறங்கி, விரும்பிய ஒருவனோடு போய்விட்டாள். கண்டக்டர் அன்று மாலையே விசாரித்துக்கொண்டு போய்ப் போனை அவளுடைய தகப்பனிடம் கொடுத்தார். தகப்பன் அதைத் திறந்து பார்த்தான். பையனின் நம்பர் கிடைத்தது. பெண்ணைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, சீக்கிரமே வேறு யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குக் கண்டக்டருக்கும் அழைப்பு. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

"புள்ள ஒரு வார்த்தை பேசலை தம்பி. போனைக் கொண்டாந்து குடுத்தது நான்தான்னு யாரும் சொல்லலை போல."

அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, உறுத்தலும் இல்லை. ஒரு பொருளை உரியவரிடம் சேர்த்த திருப்தி மட்டும் இருந்தது. அன்றைக்கு எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் இறம்பொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மலை சரிந்தது. ஒரு லயத்தின் பாதி மண்ணுக்குள் போனது. கடைசி வீட்டுப் பெண் நுவரெலியா ஆஸ்பத்திரியில் தன் தாய்க்குத் துணையாக நின்றதால் தப்பினாள். அவளுடைய கணவனும், பள்ளிக்கூடம் போகிற மகளும் தப்பவில்லை. காரியம் முடிந்ததும், வவுனியாப் பக்கம் குடியேறியிருந்த அவளுடைய அண்ணன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

நிவாரணச் சாமான் ஏற்றிப்போன கண்டக்டர், வீடிருந்த இடத்து மண்மேட்டில் மூன்று நாய்கள் படுத்திருப்பதைப் பார்த்தார். அந்த வீட்டு நாய்கள். ரோசி, டைகர், அப்புறம் பிஸ்கட் என்று ஒரு குட்டி. பெயரெல்லாம் மகள் வைத்தது என்று பக்கத்து லயத்துச் சனங்கள் சொன்னார்கள். கூப்பிட்டால் வந்தன, போட்டதைத் தின்றன, மறுபடி மண்மேட்டில் போய்ப் படுத்தன. ரோசியின் கழுத்தில் மகளுடைய பழைய பள்ளிக்கூட டை கட்டியிருந்தது.

கண்டக்டர் கடைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"அந்தம்மா இருந்த நெலமையில நாய்களை மறந்துட்டுப் போயிருச்சு தம்பி."

"ஆமாண்ணே."

"பாவம். அங்க இருந்து நெனைச்சுக்கிட்டு இருக்கும். யாருகிட்டக் கேக்கிறதுன்னு கூச்சப்படும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாம் போன ஒருத்திக்கு உயிரோடு மிஞ்சியது இந்த மூன்றுதான். இவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவள் கொஞ்சமாவது எழுந்து உட்காருவாள். ஒரே எண்ணம் புத்தகக் கடைக்காரனுக்கும் பஸ் கண்டக்டருக்கும் ஒரே நேரத்தில் தோன்றினால் அது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. போனையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன் என்றேன்.

அவர் நாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினார். டையை அவிழ்த்து, மண் போகும்வரை சோப்புப் போட்டு அலசி, மனைவியைக் கொண்டு இஸ்திரி போடவைத்து, மறுபடி ரோசியின் கழுத்தில் கட்டினார். முடிச்சு சரியாக வரவில்லை என்று இரண்டாம் தடவையும் கட்டினார்.

கதவில் இரண்டு தட்டு. ரைட், போவோம்.

கினிகத்தேனை இறக்கத்தில் கண்டக்டர் குழந்தையாகிவிட்டார். மின்சாரக் கார் இறக்கத்தில் உருளும்போது சக்கரமே மின்சாரம் உண்டாக்கிப் பெட்டரிக்கு அனுப்பும். முன்னால் உள்ள திரையில் கோடுகள் ஒவ்வொன்றாகக் கூடும்.

"பாத்தீங்களா தம்பி? ஏத்தத்துல வாங்குனத இறக்கத்துல திருப்பிக் குடுக்குது. எந்த வண்டியாச்சும் குடுக்குமா?"

"முழுசாக் குடுக்குதாண்ணே?"

"முழுசா இல்ல. குடுக்கணும்னு ஒரு மனசு இருக்குல்ல, அது போதும்."

அந்த நேரத்தில் பிஸ்கட் என் மடியில் வாந்தி எடுத்தது. இரண்டு காற்சட்டை போட்டதன் பயன் நான் எதிர்பாராத விதத்தில் தெரிந்தது. நாவலப்பிட்டியில் ஒன்றைக் கழற்றி எறிந்தேன். எறிந்ததைக் கண்டக்டர் பார்க்கிறாரா என்று முதலில் கவனித்துக்கொண்டேன்.

கண்டி தாண்டியதும் இறக்கமும் முடிந்தது, குளிரும் முடிந்தது. மலையில் பிறந்த நாய்கள் மாத்தளை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டன. ஏசி போட்டால் பெட்டரி கரையும். கிழட்டுப் பெட்டரி, கண்டியில் நிரப்பினால் தம்புள்ளை வரும்போதே மூச்சு வாங்கும். ஒன்றில் ஏசி, இல்லாவிட்டால் வவுனியா. ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். மூன்று நாய்களின் எச்சிலும் காற்றில் பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியில் படிந்தது.

தம்புள்ளையில் என் வரைபடத்தின் பச்சைப் புள்ளி ஒரு ஹோட்டலுக்குள் இருந்தது. வாசல் காவலாளி காரைப் பார்த்துச் சிரித்தார், நாய்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"பல்லோ எக்க பே, மஹத்தயா."

நாய்களோடு முடியாது என்கிறார். கார் உள்ளே போய் நிழலில் நின்று சார்ஜ் ஏற, பழைய சேலைக் கிழிசலில் கட்டிய மூன்று நாய்களைப் பிடித்துக்கொண்டு நான் மெயின் ரோட்டில் நின்றேன். டைகர் ஒரு லொறியைத் துரத்த விரும்பியது. நானும் கொஞ்ச தூரம் துரத்தினேன். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வேனை நிறுத்திப் படம் எடுத்தார். எந்த நாட்டிலோ எந்தச் சுவரிலோ நான் இன்னும் ஓடிக்கொண்டிருப்பேன்.

அடுத்த பச்சைப் புள்ளியில் இயந்திரத்தைச் சாக்கால் மூடிக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்கடுத்த புள்ளியில் இயந்திரமே இல்லை. காரிலேயே தூங்கி எழுந்து, மிகிந்தலைப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினோம். கடைக்காரச் சிங்கள அம்மா தன் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்கள் வயரைச் செருகிக்கொள்ளச் சொன்னார். நாய்கள் எங்கே போகின்றன என்று கேட்டார்.

"அம்மா லங்கட்ட," என்றார் கண்டக்டர். அம்மாவிடம்.

அந்த அம்மா எழுந்துபோய், தன் மத்தியானச் சோற்றை மூன்றாகப் பிரித்து வாழையிலையில் வைத்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். உலகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அண்ணன் வீடு ஒரு குளக்கட்டுக்குக் கீழே இருந்தது. அந்தப் பெண் முற்றத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மின்சாரக் கார் சத்தமில்லாமல் வந்து நின்றதில் அவள் திரும்பவில்லை. கண்டக்டர் பின்கதவைத் திறந்தார். நான் பிடித்திருந்த சேலைத் துண்டு என் கையை விட்டுப் போனது.

ரோசி போட்ட சத்தத்தை நான் அதற்கு முன் எந்த நாயிடமும் கேட்டதில்லை. மூன்றும் அவள் காலைச் சுற்றின, மோதின, புரண்டன. அவள் ஈரத் துணியோடு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள், இடுப்பளவு வெள்ளத்தில் நிற்பவளைப்போல. கீழே பார்த்தாள். இஸ்திரி போட்ட டையைப் பார்த்தாள்.

"மறந்துட்டுப் போயிட்டீங்கம்மா," என்றார் கண்டக்டர் சிரித்துக்கொண்டு. "அதான் கொண்டாந்தோம்."

"மறக்கலைங்க. விட்டுட்டு வந்தேன்."

"என்னாம்மா?"

"இதுகளப் பாக்க முடியாமத்தாங்க இவ்ளோ தூரம் வந்தேன். காலையில கதவைத் தொறந்தா வாசல்ல நிக்கும். புள்ள சோறு வைக்க வரும்னு நிக்கும். நான் இதுககிட்ட என்னான்னு சொல்லுவேன்?" குரல் உயரவே இல்லை. "கொண்டு போயிருங்க."

கண்டக்டர் என்னைப் பார்த்தார், வரைபடத்தில் இதற்கும் ஒரு புள்ளி இருக்கும் என்பதுபோல. அண்ணன்காரன் உள்ளேயிருந்து ஓடிவந்து, "கோவிச்சுக்காதீங்க ஐயா, இப்பத்தான் கொஞ்சம் சாப்பிட ஆரம்பிச்சிருக்கு" என்று கையைக் கூப்பினான். டைகரும் பிஸ்கட்டும் பிஸ்கட்டைக் காட்டியதும் வந்தன. ரோசி வரவில்லை. அதை நாங்கள் தூக்கினோம். நாய்க்குப் பயந்த நானும்தான் தூக்கினேன். அது கடிக்கவில்லை, கடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரில் ஏற்றிய பிறகு கண்டக்டர் ரோசியின் கழுத்திலிருந்து டையை அவிழ்த்தார். திரும்ப நடந்துபோய் அதை அவளிடம் நீட்டினார். அப்போதும் அவருக்கு எதையாவது கொடுக்காமல் வர முடியவில்லை. அவள் கையை நீட்டவில்லை. கடைசியில் அண்ணன்காரன்தான் வாங்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

புறப்படும்போது அவர் கதவைத் தட்டவில்லை.

திரும்பும் வழி ஏற்றம். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நாவலப்பிட்டிக்கு மேலே மூடுபனிக்குள் நுழைந்தபோது திடீரென்று கேட்டார்:

"தம்பி, அந்தப் புள்ள போனு..."

"ம்."

"வேணும்னுதான் விட்டுட்டுப் போச்சோ?"

"ரோட்டைப் பாருங்கண்ணே."

கொஞ்ச தூரம் ரோட்டைப் பார்த்தார்.

"நானுஓயாவுல உங்க புத்தகக் கட்டு?"

"சத்தியமா மறந்துட்டேன் அண்ணே. நல்ல வேளை நீங்க கொண்டாந்தீங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொல்கிறவனைக் கண்டக்டர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அதற்குப் பிறகு அவர் எதையும் யாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஹயரில் வந்தவர்கள் விட்டுப்போன குடைகள் பின்சீட்டில் குவிந்தன. கேட்டால், "கெடக்கட்டும். யாரு கண்டா?" என்பார். ஒருநாள் யாரோ தன் தகப்பனின் மருந்துப் பையைக் காரிலேயே விட்டுவிட்டுப் போனார். மாலையில் பதறியடித்துக்கொண்டு தேடி வந்தவரிடம் கண்டக்டர், "வேணுமாங்க அது?" என்று கேட்டிருக்கிறார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். வந்தவர் நடுரோட்டில் நின்று திட்டிய திட்டை என் கடையிலிருந்து கேட்டேன். கண்டக்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார்.

நாய்கள் அவர் வீட்டில்தான் இருந்தன. ரோசி தின்னவில்லை, சீக்கிரமே போய்விட்டது. டைகர் ஒரு லொறியைத் துரத்திப் பிடித்தது. அடுத்த மழைக்கு முன்னால் கண்டக்டரும் போய்விட்டார். நெஞ்சுவலி என்றார்கள். சவத்துக்கு வந்தவர்களில் சிலர், அவர் தங்களுக்குத் திருப்பிக் கொடுத்த சாமான்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்கள், அழுதார்கள். போன் பெண்ணும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டாள். பிஸ்கட் அவருடைய மனைவியோடு இருக்கிறது. அந்தத் தெருவுக்குப் போகும்போது நான் இன்னும் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

கணவனுக்கும் மகளுக்கும் தெவசம் கொடுக்க அந்தப் பெண் வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். ஹட்டன் பஸ் நிலையத்தில் அவளே என்னை அடையாளம் கண்டு கிட்டே வந்தாள். கண்டக்டர் இறந்துபோனதைச் சொன்னேன். ரோசி போனதையும், டைகர் போனதையும், குட்டி மட்டும் இருப்பதையும் சொன்னேன். அவர் அந்தப் பயணத்திலிருந்து திரும்பவே இல்லை என்பதுபோல ஏதோ சொல்லப் பார்த்தேன். எழுதுகிறவனுடைய பழக்கம், பாதியில் எனக்கே கூச்சமாகி நிறுத்திவிட்டேன்.

அவள் வவுனியா பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள்.

"நல்ல மனுசங்க," என்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பெட்ரோல் வண்டியில வந்திருக்கலாம். சத்தம் கேட்டதுமே உள்ள போய்க் கதவைச் சாத்தியிருப்பேன்."